செவ்வாய்க்கிழமை வந்த ஈஸ்டர்

சிங்கப்பெருமாள்கோவிலில் இறங்கி ஒரகடம் பஸ்ஸில் ஏறும்போது காலை எட்டு மணி. நெல்லையிலிருந்து ராத்திரி ரயில். செங்கல்பட்டில் இறங்கி மின்சார ரயில் மாறி வந்திருந்தேன். கையில் ஒரே ஒரு பை. அதில் முறுக்கு, கருப்பட்டி, பைபிள், பாட்டுப் புத்தகம். குருத்தோலை ஞாயிறு அன்று கோயிலில் கொடுத்த ஓலைச் சிலுவையையும் மடங்காமல் பைபிளுக்குள் வைத்திருந்தேன். மகளுக்கு.

அன்று 2025 ஏப்ரல் 17, பெரிய வியாழக்கிழமை. பரிசுத்த வாரத்தில் நான் சொந்த ஊரில் இல்லாதது இதுதான் முதல் தடவை. எங்கள் ஊர் நாசரேத் பக்கம். ஈஸ்டர் விடியற்காலை ஆராதனை முடிந்ததும் அப்படியே கல்லறைத் தோட்டத்துக்கு நடந்துபோய், எங்கள் ஆட்களின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவோம். டிசம்பரில் என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். இந்த வருஷம் அவருக்கு ஏற்ற வேண்டிய முதல் மெழுகுவத்தி. அதை விட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினேன். மகளுக்கு லீவு இல்லை. அப்பா இல்லாத முதல் பண்டிகையில் அவளைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை.

கிளம்புவதற்கு முன் எங்கள் சபைப் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன்.

"பண்டிகை அன்னைக்குப் பிள்ளைக்கு வேலைன்னா, நீ போயி என்னம்மா செய்யப் போற?"

"செவ்வாக்கெழம ஆஃபாம் அண்ணாச்சி. அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் கொண்டாடிக்கிடுதோம்."

"செவ்வாக்கெழம ஈஸ்டரா? நல்லாருக்கே! அப்போ கிறிஸ்மஸ ஜனவரியில வச்சுக்கிடுவியளோ?"

அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் ரயிலில் தூக்கம் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதானே?

ஒரகடம் கூட்டுரோட்டை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் மிரட்சியாகத்தான் இருக்கும். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையும் வெட்டிக்கொள்கிற இடம். ரெனோ நிஸான் கார், பாரத் பென்ஸ் லாரி, ராயல் என்ஃபீல்டு புல்லட் எல்லாம் இந்தச் சுற்று வட்டாரத்தில்தான் பிறக்கின்றன. கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகின்றன. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கம்பெனி பஸ்கள் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக வருகின்றன. கழுத்தில் ஐடி கார்டு தொங்க, காதில் ஹெட்போனோடு இறங்குகிற பிள்ளைகளில் பாதிப் பேர் என் மகள் வயசுதான். டீக்கடைப் பலகையில் தமிழுக்குக் கீழே இந்தி. பக்கத்திலேயே ஒரு ஏரி, கரையில் மாடு. வயல்வெளி முழுசாகப் போய்விடவில்லை.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் கார் வெளியே வந்தபோது நெல்லைப் பக்கத்தில் இந்த ஊர்ப் பெயர்களே யாருக்கும் தெரியாது. 2006-ல் நோக்கியா வந்த பிறகு எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பெண்கள் இங்கே வேலைக்கு வந்தார்கள். 2014-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டபோது ஊருக்குத் திரும்பி வந்தார்கள். அப்புறம் வேறு கம்பெனி, வேறு பிள்ளைகள். இப்போது என் வீட்டுப் பிள்ளை.

நான் தங்கியது வல்லம் பக்கத்தில் சித்தி மகன் வீட்டில். ஹாஸ்டலில் விருந்தாளிகள் ராத்திரி தங்கக்கூடாதாம். தம்பி இங்கே பதினைந்து வருஷமாக ஃபிட்டர். போகிற வழியில் வல்லக்கோட்டை முருகன் கோயிலைக் காட்டினான். ஏழடி உயர முருகன் என்று பிரசித்தம். ஏப்ரல் 11-ம் தேதி பங்குனி உத்திரம் முடிந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. வரவேற்புப் பலகைகளை இன்னும் அவிழ்க்கவில்லை.

"உத்திரம் முடிஞ்சா அடுத்து ஒங்க ஈஸ்டர்தான். என்கூட வேல பாக்குற ஆளு வருஷா வருஷம் சொல்லுவாருக்கா" என்றான் தம்பி.

சும்மா சொன்ன பேச்சு இல்லை அது. யூதர்களின் பஸ்கா வசந்த காலத்துப் பௌர்ணமியை ஒட்டி வரும். பஸ்கா சமயத்தில்தான் இயேசு சிலுவையில் அறையப்பட்டார். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர் என்பதுதான் சபையின் கணக்கு. அதனால்தான் மார்ச் 22-லிருந்து ஏப்ரல் 25 வரை எங்கே வேண்டுமானாலும் ஈஸ்டர் விழும். பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டியே வருவதால் பெரும்பாலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 2023-ல் உத்திரம் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஏப்ரல் 9. 2024-ல் மார்ச் 25-ம் 31-ம். ஆனால் 2022-ல் உத்திரம் மார்ச் 18-லேயே வந்துவிட்டது. 21-க்கு முந்தின பௌர்ணமி செல்லாதே! அந்த வருஷம் ஈஸ்டர் ஒரு மாசம் தள்ளி ஏப்ரல் 17-க்குப் போனது. வீட்டில் பழைய காலண்டர் கிடந்தால் எடுத்துப் பாருங்கள்.

மகளுக்கு அந்த வாரம் முழுக்க நைட் ஷிப்ட். ராத்திரி பத்து முதல் காலை ஆறு. பெரிய வெள்ளி அரசாங்க விடுமுறைதானே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பிதான் விளக்கினான். தொழிற்சாலைகளுக்குத் தனிச் சட்டம், 1958-ல் போட்டது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் எல்லோருக்கும் கட்டாயம். அதுபோக வருஷத்துக்கு ஐந்து பண்டிகை நாட்கள். எந்த ஐந்து என்பது இடத்துக்கு இடம் மாறும். மகள் வேலை பார்க்கிற இடத்துப் பட்டியலில் பெரிய வெள்ளி இல்லை. ஈஸ்டர் எப்போதுமே ஞாயிறு என்பதால் அதைத் தனியாக யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆனால் அவளுக்கு வார லீவு ஞாயிறு இல்லையே. சனிக்கிழமை ராத்திரி ஒரு ஷிப்ட் மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தம்பி வீட்டுக்கு வந்தாள். குளித்தாள். "படுத்துக்கோட்டி, நான் மட்டும் போயிட்டு வாரேன்" என்றேன். கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு மும்மணி நேர ஆராதனை. தகரக் கூரை போட்ட சின்ன ஆலயம், ஆறேழு ஃபேன். ஏப்ரல் வெயிலில் தகரம் காய்ந்து அனல் இறங்கியது. உள்ளே பார்த்தால் பாதிப் பேர் நம்ம பக்கத்து ஆட்கள். சாயர்புரத்து அக்கா ஒருவர், மார்த்தாண்டத்துக் குடும்பம் ஒன்று, டேக்கைச் சட்டைப்பைக்குள் சுருட்டி வைத்திருந்த பையன்கள். ஏழு வார்த்தைகளில் நான்கு வரைக்கும் மகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது, தாகத்தைப் பற்றிய வார்த்தை. ஐயர் பிரசங்கத்தைத் தொடங்கியதும் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்) என் தோளில் சாய்ந்துவிட்டாள். கெத்செமனேயில் சீஷர்கள் தூங்கியதற்கு இத்தனை வருஷமாக அவர்களை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அவர்களும் முந்தின ராத்திரி எங்கே உழைத்துவிட்டு வந்தார்களோ! மூன்று மணி வரை தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் எழுந்து சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு மறுபடி பஸ் ஏறினாள்.

ஞாயிறு அதிகாலை நாலரைக்கு உயிர்த்தெழுதல் ஆராதனை. நான் மட்டும் போனேன். நல்ல கூட்டம். பாட்டெல்லாம் நம்ம ஊர்ப் பாட்டு, ராகம் மட்டும் கொஞ்சம் வேகம். எனக்குத்தான் பாதிப் பாட்டுக்கு மேல் குரல் வரவில்லை. இந்நேரம் ஊரில் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பியிருப்பார்கள். ஐயருக்கு அன்று மூன்று இடத்தில் ஆராதனை. ஆறு மணிக்குள் முடித்துவிட்டு பைக்கை எடுத்தார். ஓடிப்போய்ச் செவ்வாய்க்கிழமை விஷயத்தைச் சொல்லி, "இது தப்பா ஐயரே?" என்று கேட்டேன். ஹெல்மெட்டை மாட்டியபடியே, "எண்ணாகமம் ஒன்பதாம் அதிகாரம் வாசிங்கம்மா. ரெண்டு நாளாகமம் முப்பதும்" என்றார். வண்டி போய்விட்டது.

ஏழு மணிக்கு ஹாஸ்டல் நிறுத்தத்தில் காத்திருந்தேன். மகள் இறங்கினாள். கண் சிவந்திருந்தது. "ஹேப்பி ஈஸ்டர்மா" என்று சொல்லிவிட்டு, அங்கேயே ரோட்டோரத்தில் நின்று அழுதாள். அப்பாவை நினைத்து அழுதாளா, அசதியா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் தூங்கிய நேரத்தில் பைபிளைத் திறந்தேன். எண்ணாகமம் முன்பே வாசித்ததுதான், ஆனால் இந்தப் பகுதி மனசில் நின்றதில்லை. எகிப்தை விட்டு வந்த மறுவருஷம், முதல் மாசம் பதினாலாம் தேதி எல்லோரும் பஸ்கா கொண்டாடுகிறார்கள். சிலருக்கு மட்டும் முடியவில்லை. இறந்தவரின் உடலைத் தொட்டதால் அவர்களுக்குத் தீட்டு. அவர்கள் மோசேயிடம் வந்து, நாங்கள் மட்டும் ஏன் விலக்கப்பட வேண்டும் என்று கேட்கிறார்கள். மோசே உடனே பதில் சொல்லவில்லை. பொறுங்கள், ஆண்டவரிடம் கேட்கிறேன் என்கிறார். வருகிற பதில் இதுதான்: சாவுத் தீட்டில் இருந்தவர்களும் தூரப் பயணத்தில் இருந்தவர்களும் இரண்டாம் மாசம் பதினாலாம் தேதி பஸ்காவைக் கொண்டாடலாம். அதே புளிப்பில்லாத அப்பம், அதே கசப்புக் கீரை. எதுவும் குறையாது.

சாவு வீடு, தூரப் பயணம். எங்கள் இரண்டு பேருக்கும் பார்த்துப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது.

நாளாகமத்தில் எசேக்கியா ராஜா தேசம் முழுவதற்குமே பஸ்காவை இரண்டாம் மாசத்துக்குத் தள்ளுகிறார். தயாரான ஆசாரியர்கள் போதவில்லை, ஜனங்களும் எருசலேமுக்கு வந்து சேரவில்லை. கடைசியில் சந்தோஷம் தாங்காமல் இன்னும் ஏழு நாள் சேர்த்துக் கொண்டாடுகிறார்கள்.

நாள் விஷயத்தில் சபைகள் சண்டை போட்டதும் உண்டு. நான்கு சுவிசேஷங்களே இதில் ஒரே மாதிரி பேசவில்லை. மத்தேயு, மாற்கு, லூக்காவில் கடைசி இராப்போஜனமே பஸ்கா விருந்து. யோவானிலோ, மறுநாள் இயேசு மரிக்கிற நேரத்தில்தான் பஸ்காவுக்கு ஆயத்தம் நடக்கிறது. அப்புறம் ஆசியா மைனர் சபைகள் எந்தக் கிழமையானாலும் நிசான் மாசம் பதினாலைக் கைக்கொண்டன. ரோமாபுரி ஞாயிறுதான் என்றது. ஏறத்தாழ கி.பி. 155-ல் சிமிர்னா பேராயர் பாலிகார்ப் ரோமுக்குப் போய் அனிசேட்டஸோடு இதைப் பேசினார். இருவரும் தங்கள் வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் நற்கருணை ஆராதனையை நடத்தும்படி அனிசேட்டஸ் பாலிகார்ப்பிடம் கொடுத்தார், சமாதானமாகவே பிரிந்தார்கள். நாம் வீட்டு விசேஷத்துக்கு நாள் குறிக்கும்போது இந்த அளவுக்காவது நடந்துகொள்கிறோமா என்ன? 325-ல் நிசேயா சங்கம் கூடித்தான் எல்லோருக்கும் ஒரே ஞாயிறு என்று முடிவானது.

அதுவும் நிலைக்கவில்லை. 1582-ல் போப் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். அக்டோபர் 4-க்கு மறுநாள் 15. கத்தோலிக்க நாடுகள் மாறின, இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. விளைவை நம் சென்னையிலேயே பார்த்திருக்கலாம். சாந்தோமில் போர்த்துகீசியர்கள் புதுக் கணக்கு, ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர்கள் பழைய கணக்கு. நடுவில் ஒரு மணி நேர நடை. 1700-க்குப் பிறகு கோட்டையில் டிசம்பர் 25 என்றால் சாந்தோம் கணக்கில் அது ஜனவரி 5. அண்ணாச்சி கேலியாகக் கேட்ட ஜனவரி கிறிஸ்மஸ்! ஊருக்குப் போனதும் இதை முதலில் அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் அண்ணாச்சி பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் கூடுவதால்தான் அது பண்டிகை. அவரவர் வசதிக்கு ஒரு நாள் என்று ஆகிவிட்டால் அது வெறும் விருந்துச் சாப்பாடு. அதோடு, இந்த இரண்டாம் நாள் சலுகை தூரம் போனவனுக்குத்தான், அவனை வேலை வாங்குகிறவனுக்கு இல்லை. மோசே முதன்முதலில் பார்வோனிடம் போய்க் கேட்டதே, வனாந்தரத்தில் பண்டிகை கொண்டாட என் ஜனங்களை விடு என்பதுதான். இன்றைய பேச்சில் சொன்னால் பண்டிகை லீவு. அதற்குப் பார்வோன், இவர்கள் சோம்பேறிகள் என்று சொல்லி, வைக்கோலையும் நிறுத்தி, அதே செங்கல் கணக்கைக் கேட்டான். 1958 சட்டத்திலும் ஒரு இரண்டாம் பஸ்கா உண்டு என்று தம்பி சொன்னான். விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் சம்பளத்தோடு இன்னொரு நாள் லீவு. அதற்கும் முதலில் பட்டியலில் பெயர் வரவேண்டுமே. அடுத்த வருஷப் பட்டியலுக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் பிரிவில் மட்டும் பதினோரு பேர் இருக்கிறார்களாம்.

திங்கட்கிழமை தம்பி மனைவி என்னை ஸ்ரீபெரும்புதூருக்குக் கூட்டிப்போனாள். "மைனி, இவ்வளவு தூரம் வந்துட்டு ராமானுஜர் கோயில பாக்காமப் போனா எப்படி?" ஆதிகேசவப் பெருமாள் கோயில். ராமானுஜர் பிறந்த ஊர் இது. இங்கிருக்கிற அவருடைய திருமேனிக்கு 'தானுகந்த திருமேனி' என்று பெயர். 1017-ல் பிறந்தவர், 2017-ல் ஆயிரமாவது ஆண்டு. சித்திரைத் திருவாதிரை அந்த வருஷம் மே 1-ல் வந்தது. வாசலில் பூக்கார அம்மாவிடம் திருவிழா எப்போது என்று கேட்டேன். "தேதி எல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறும்மா. எங்களுக்கு நட்சத்திரம்தான் கணக்கு" என்றார். உங்களுக்கு நட்சத்திரம், எங்களுக்கு நிலா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ராஜீவ் காந்தி நினைவிடத்துக்கும் போனோம். 1991 மே 21 செய்தியை வானொலியில் கேட்ட காலை ஞாபகம் வந்தது. அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை, வெயில்.

மதியம் திரும்பும்போது பஸ்ஸில் எல்லோர் கைபேசியிலும் போப் பிரான்சிஸ் இறந்த செய்தி. ஈஸ்டருக்கு மறுநாள். நிசேயாவின் 1700-வது ஆண்டான 2025-ல் கீழைச் சபைகளுக்கும் மேலைச் சபைகளுக்கும் ஏப்ரல் 20-ஆகவே ஈஸ்டர் ஒன்றாக வந்திருந்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு நாள் என்றால் கத்தோலிக்க சபை தயார் என்று ஜனவரியில்தான் அவர் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை. மகள் முந்தின ராத்திரி நேரத்தோடு தூங்கியிருந்தாள். கூட ஹாஸ்டல் அறைத் தோழியும் வந்திருந்தாள். ராஞ்சிப் பக்கத்துப் பிள்ளை, அவளுக்கும் அன்றுதான் ஆஃப். அவர்கள் ஊருக்குச் சுவிசேஷம் 1845-ல் ஜெர்மன் மிஷனரிகள் மூலம் வந்ததாம். அங்கேயும் ஈஸ்டர் விடியலில் கல்லறைக்குப் போய் விளக்கு வைப்பார்களாம். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி நம்ம ஊர் வழக்கம்! அந்தப் பிள்ளை பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். "மோம்பத்தி, ஆன்ட்டி." மெழுகுவத்தி.

ஐந்து மணிக்குத் தம்பி வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினோம். தம்பியும் அவன் மனைவியும் தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்றார்கள். கல்லறையில் கல் புரட்டப்பட்ட அதிகாரத்தை மகள் வாசித்தாள். அந்தப் பிள்ளை தன் பாஷையில் ஜெபித்தாள். பாட்டுப் பாடும்போது இந்தத் தடவை என் குரல் உடையவில்லை. கைப்பிடிச் சுவரில் இரண்டு மெழுகுவத்தி. ஒன்று என் வீட்டுக்காரருக்கு. இன்னொன்று அந்தப் பிள்ளையின் பாட்டிக்கு. காற்றில் அணைந்துகொண்டே இருந்தன. மகள் ஓலைச் சிலுவையைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் காற்றை மறைத்துக்கொண்டு நின்றாள். கீழே சாலையில் முதல் ஷிப்ட் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

எதிர் மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒடிஷாப் பையன், இன்றைக்கு என்ன விசேஷம் என்று இந்தியில் கேட்டான். ஈஸ்டர் என்றாள் ராஞ்சிப் பிள்ளை. அவன் கைபேசியை எடுத்துப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டதே என்றான்.

"எங்களுக்கு இன்னைக்குத்தான்" என்றாள் மகள், தமிழில்.

அவனுக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினான். தம்பி மனைவி கோழிக்கு மசாலா அரைக்கக் கீழே இறங்கினாள்.